டர்னர் நோய்க்குறி: இதயமும் ஹார்மோன் சிகிச்சையும்

டர்னர் நோய்க்குறி பெண்களுக்கு மட்டுமே வரும் பிறவிக் குரோமோசோம் குறைபாடு. இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுவதுமோ ஒரு பகுதியோ இல்லாமல் போவதால் உண்டாகிறது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் 1938இல் இதன் அடையாளங்களைத் தொகுத்து எழுதினார். குரோமோசோம் காரணம் 1959இல் தெரியவந்தது. இது தற்செயலாக நேர்வது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வருவதல்ல; தாயைப் பழிக்க இதில் எதுவுமில்லை.

"வளர்த்தி பத்தவில்லை", "இன்னும் வயதுக்கு வரவில்லை" என்றுதான் பெற்றோர் பெரும்பாலும் மருத்துவரிடம் வருகிறார்கள். உயிருக்கு ஆபத்தோ இதயத்தில் இருக்கிறது. மூன்று இதழ்கள் இருக்கவேண்டிய பெருந்தமனி வால்வு இவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இரண்டு இதழ்களோடு அமைகிறது. சிலருக்குப் பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருக்கும். சிலருக்கு விரிந்துகொண்டே போய்க் கிழியும். டென்மார்க் ஆய்வொன்றில் இக்கிழிசல் ஆண்டுக்கு ஒரு லட்சம் டர்னர் பெண்களில் 36 பேருக்கு நேர்ந்தது. பொதுமக்களில் 6 பேருக்கு மட்டுமே.

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தில், சூளையிலும் பொம்மைப் பட்டறையிலும் கூலிக்குப் போகிறவர்களுக்கு வெளியூர் ஆஸ்பத்திரி என்றால் அன்றைய சம்பளம் போயிற்று. ஆனால் முதல் சோதனைக்கு ஊரைத் தாண்ட வேண்டாம். இரு கைகளிலும் ஒரு காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து, தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காலில் அழுத்தம் குறைந்து, நாடியும் மெலிந்திருந்தால் தமனி குறுகியிருக்கலாம். அடுத்தது எக்கோ. குரோமோசோம் சோதனைக்குப் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனை தேவைப்படும். சில மில்லி இரத்தம் போதும், செல்களை வளர்த்துப் பார்ப்பதால் முடிவு வர நாளாகும்.

வளர்சிதை மாற்றமும் இதயத்துக்குச் சுமை கூட்டுகிறது. கணையத்தில் இன்சுலின் சுரப்பு குறைகிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் இளவயதிலேயே வருகின்றன. சினைப்பைகள் செயலிழப்பதால் இரத்தக்குழாய்களை நெகிழ்வாக வைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜனும் கிடைப்பதில்லை.

அதனால் 11, 12 வயதில் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகக் கூட்டி, பிறகு கருப்பையைக் காக்கப் புரோஜெஸ்டிரோன் சேர்க்கிறார்கள். தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோ நல்லது. மருந்து கல்லீரலைத் தொடாமல் நேரே இரத்தத்தில் சேரும். அவை கிடைக்காவிட்டால் எஸ்ட்ரடையால் மாத்திரையும் பயன் தரும். கருத்தடை மாத்திரை இதற்கு ஈடல்ல. மாதவிடாய் வந்துவிட்டதென்று மருந்தை நிறுத்துவதே பெரிய தவறு. எலும்புக்கும் இரத்தக்குழாய்க்கும் அது ஐம்பது வயதுவரை வேண்டும். உயரத்துக்குத் தரும் வளர்ச்சி ஹார்மோன் விலை அதிகம். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை இதையும் கணக்கில் எடுத்திருக்கிறது.

எந்த ஹார்மோனும் விரிந்த தமனியைச் சுருக்காது, வால்வைத் திருத்தாது. அதனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எக்கோ அல்லது எம்.ஆர்.ஐ. மருத்துவர் சொல்லும் இடைவெளியில். தானமாகப் பெற்ற கருமுட்டையால் தாயாக விரும்புகிறவர்கள் முதலில் பெருந்தமனியை அளந்துகொள்ள வேண்டும்: அதன் விட்டம் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் கர்ப்பம் வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை.