குப்பை மேட்டில் ஒரு பூங்கா

பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு வெளியே சொல்லிக்கொள்ள முடியாத வருத்தம் ஒன்று உண்டு. இரவெல்லாம் விழித்து எழுதிய கதை, சில வாரங்களில் கடலைப் பொட்டலமாக அவன் கைக்கே திரும்பி வரும். எனக்கும் ஒருமுறை வந்தது. கடலையைத் தின்று முடித்த பிறகுதான் தாளில் என் கதாநாயகி அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தேன். எதுதான் நிலைத்து நிற்கிறது என்ற கேள்வி அன்று பிடித்தது. நியூயார்க் நகரத்துப் பூங்கா ஒன்றின் கதை அதற்கு ஒருவாறு பதில் சொல்லிற்று.

1982-ஆம் ஆண்டு, ஆக்னஸ் டெனிஸ் என்ற பெண் கலைஞர் மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில், மண் கொட்டித் தூர்த்த நிலத்தில், 2 ஏக்கர் கோதுமை பயிரிட்டார். உலகத்துப் பணமெல்லாம் புரளும் வால் ஸ்டிரீட் அங்கிருந்து கூப்பிடு தூரந்தான். லாரிகளில் நல்ல மண்ணைக் கொணர்ந்து பரப்பி, கையாலேயே சால் பிடித்து விதைத்தார்கள். மே மாதம் விதைத்தது ஆகஸ்டில் அறுவடையாயிற்று. ஆயிரம் ராத்தலுக்கு மேல் கண்டதாம்! பிறகு? அந்த இடம் முன்பே கட்டடங்களுக்கென்று குறித்து வைத்தது. இன்று அங்கே அடுக்கு மாடிகள் நிற்கின்றன. கோதுமை வயல் புகைப்படங்களில் இருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1986-இல், ஈஸ்ட் ஆற்றின் மறு கரையில் குவீன்ஸ் பகுதியில் வேறொரு முயற்சி தொடங்கியது. தொடங்கியவர் சிற்பி மார்க் டி சுவெரோ. 1960-இல் லிஃப்ட் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே வெல்டிங் கற்றுக்கொண்டு, பிற்பாடு கிரேனின் துணையால் பெரும் இரும்பு உத்தரங்களைச் சிற்பமாக்கியவர். ஆற்றோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த நிலம், கண்டவர்களும் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. கலைஞர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு அதைத் துப்புரவு செய்தார். அருகில் உள்ள அஸ்டோரியாவில் கிரேக்கர்கள் மிகுதி. ஆகவே சாக்ரடீஸ் பெயரையே வைத்தார்கள்.

அங்கே கலைஞர்கள் வந்து, வெட்டவெளியிலேயே வேலை செய்கிறார்கள். பிள்ளைகளோடு உலாவ வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். சில மாதங்களில் சிற்பம் அகற்றப்படுகிறது. அந்த இடத்துக்கு அடுத்தவர் வருகிறார். கோதுமை விதைத்த அதே டெனிஸ் 2015-இல் இங்கு 30 அடி உயரத்தில் மண் பிரமிடு ஒன்றை எழுப்பினார். பொதுமக்களும் கூடவே செடி நட்டார்கள். அதுவும் சில மாதங்களில் போயிற்று.

இதற்கிடையே, ஆற்றங்கரை மனையின் விலையை அறிந்த ஒரு கட்டட முதலாளிக்கு, அங்கே ஆடம்பர வீடுகளும் படகுத் துறையும் அமைக்கலாமென்று ஆசை பிறந்திருந்தது. ஆனால் அதற்குள் குப்பை மேடு ஊராரின் பூங்காவாகிவிட்டது. 1998-இல் மேயர் ஜூலியானியின் காலத்தில் நகரப் பூங்கா என்ற நிலையான தகுதி அதற்குக் கிடைத்தது.

இங்கேதான் எனக்கு வியப்பு. அந்த நிலத்தைக் காத்தவை நிற்கும் சிற்பங்கள் அல்ல. வந்து வந்து போன சிற்பங்கள். கோதுமை வயல் ஒரே ஒரு போகம். அதன் அழகில் குறை இல்லை. ஆனால் மறு போகத்துக்கு இடம் இல்லை. இங்கோ ஒன்று போனால் இன்னொன்று வந்தது. அதைப் பார்க்க மக்கள் வந்தார்கள். அந்த வருகைதான் வேலியாயிற்று.

பத்திரிகையும் அப்படி ஒரு மனைதான். கதை பொட்டலமாகட்டும், பாதகமில்லை. அடுத்த இதழுக்கு வாசகர் வந்து நிற்க இடம் இருந்தால் போதும். அந்த இடத்தைக் காலியாக விடாமல் எழுதிக்கொண்டிருப்பதுதான் என் வேலை என்று இப்போது படுகிறது.