ஏரிக்கரைக்குப் போகாத வராகன்கள்

திருவண்ணாமலைக்கு வருபவர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் மலைக்கு அடுத்தபடியாக அவர் கண்ணில் படுவது அருணாசலேசுவரர் கோயிலின் மதில்களும் கோபுரங்களும்தாம். கிழக்கே நிற்கும் இராசகோபுரத்தின் உயரம் 217 அடி. அதைச் சூழ்ந்து சுமார் 25 ஏக்கர் நிலப்பரப்பு கருங்கல் மதிலுக்குள் அடங்கியிருக்கிறது. வழிபட வருபவர்களுக்கு அது ஆலயம். பதினெட்டாம் நூற்றாண்டின் படைத்தலைவர்களுக்கோ அது யாரோ தங்களுக்காகக் கட்டி வைத்துவிட்டுப் போன கோட்டை.

அந்தக் கோட்டைக்காக 1753 தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மாறிமாறிப் போர் நடந்தது. முர்தஸா அலீ கானும் மராட்டியத் தலைவர் முராரி ராவும் முற்றுகையிட்டார்கள். 1757-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1760-இல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் கைப்பற்றினார். 1790-இல் திப்பு சுல்தானின் படை பிடித்தது. இந்தப் பட்டியலில் முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என எல்லாத் தரப்பினரும் இருக்கிறார்கள். ஆகவே, இதை மதப்போர் என்று சித்திரிக்க முயல்பவர்களுக்கு இங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. போரிட்டவர்கள் யாராயினும் செலவு ஒரே இடத்திலிருந்து வந்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது. அந்த இடம் உழவனின் களத்துமேடு.

ஊருக்கு மேற்கே இருக்கும் செங்கம் கணவாயே இதற்கெல்லாம் காரணம். மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாராமகால் வழியாகக் கீழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்கும் படைகள் அந்த வழியாகவே வந்தன. 1767 செப்டம்பர் 3-ஆம் நாள் செங்கத்தில், ஹைதர் அலீயும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திய படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித் எதிர்கொண்டார். களத்தில் வென்றது ஆங்கிலப் படை. ஆயினும் அதன் அரிசி மூட்டைகள் ஹைதரின் குதிரைப்படையிடம் சிக்கிவிட்டன. வென்ற படை பசியோடு திருவண்ணாமலையை நோக்கிப் பின்வாங்க நேர்ந்தது. அம்மாதம் இருபத்தாறாம் நாள் வாக்கில் இவ்வூரின் அருகிலேயே அடுத்த பெரும்போர் மூண்டது. அதிலும் கம்பெனிப் படையே வென்றது. அந்த வெற்றிக்கான கணக்குச் சீட்டு யாருக்குப் போனது?

ஆர்க்காடு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவுக்குத்தான். அவர் ஆண்ட நாட்டை அன்று 'கர்நாடகம்' என்றார்கள். இன்றைய கர்நாடக மாநிலத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வடக்கே நெல்லூரிலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை நீண்ட கிழக்குச் சமவெளி அது. 1749 ஆகஸ்ட் 3-ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் கொல்லப்பட, மகன் திருச்சிக் கோட்டையில் ஒதுங்கினார். எதிரி சந்தா சாஹிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் நின்றார்கள். முஹம்மது அலீ ஆங்கிலேயக் கம்பெனியின் துணையை நாடினார். துணை கிடைத்தது, ஆனால் இலவசமாகக் கிடைக்கவில்லை. கம்பெனியின் சிப்பாய்கள், பீரங்கிகள், வெடிமருந்து ஆகிய அனைத்துக்கும் வாடகை போல ஒரு தொகை குறிக்கப்பட்டு நவாபின் பற்றுக்கணக்கில் ஏறியது.

அந்தக் கணக்கு எழுதப்பட்ட விதத்துக்கு ஓர் உதாரணம் போதும். 1760-61-இல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டபோது அதன் செலவை நவாப் ஏற்க முன்வந்தார். கோட்டையில் கிடைக்கும் தளவாடங்கள் தமக்கு வரவேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. கோட்டை விழுந்தது. தளவாடங்களைக் கம்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு ஈடாக ஒரு தொகையை நவாபின் கணக்கில் வரவு வைப்பதாகச் சென்னையிலிருந்த அதிகாரிகள் வாக்களித்தார்கள். இலண்டன் இயக்குநர்களோ அது கூடாது என்று சொல்லி, அந்தத் தொகையை மீண்டும் நவாபின் தலையிலேயே எழுதச் செய்தார்கள். பொருளும் போயிற்று, கடனும் நின்றது.

கம்பெனிக்குத் தரவேண்டிய தவணை வந்தபோது நவாப் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். தொடக்கத்தில் வட்டி ஆண்டுக்கு 20, 25 விழுக்காடு, அதற்கு மேலும்கூட இருந்தது. வட்டியை மார்க்கம் எத்துணைக் கடுமையாகத் தடுத்திருக்கிறது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அந்தத் தடையின் பொருளை ஒரு நாட்டின் அளவில் விரித்துப் பார்க்க விரும்புவோருக்கு ஆர்க்காட்டின் ஐம்பது ஆண்டுகள் நல்ல பாடப்புத்தகம்.

கடனுக்கு ஈடாக நவாப் கொடுத்தது பொன்னோ மணியோ அல்ல. இன்ன சீமையின் வருவாயை இன்னார் வசூலித்துக் கொள்ளலாம் என்ற உரிமைச் சீட்டைக் கொடுத்தார். அதற்குத் தன்கா என்று பெயர். சீட்டைப் பெற்றவர் சென்னையில் இருப்பார். அவருடைய துபாஷியும் ஆட்களும் கிராமத்துக்கு வருவார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சீமை தம் கையில் இருக்குமா என்பது அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்டவர் ஏரி மதகு பழுதாகியிருப்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? பார்க்காதது போல் போவார். மதகைச் சீர்செய்தால் பலன் மூன்றாம் ஆண்டில் வரும். அவருக்குப் பணம் இந்த அறுவடையிலேயே வேண்டும்.

நாட்டைச் சிதைத்தது கடனின் அளவு மட்டுமன்று, அது வசூலிக்கப்பட்ட இந்த முறையுமே. அதை விளங்கிக்கொள்ள ஏரி என்பது என்னவென்று சற்று நின்று பார்க்க வேண்டும்.

வட தமிழ்நாட்டில் காவிரி போன்ற பேராறு இல்லை. பாலாறும் செய்யாறும் தென்பெண்ணையும் ஆண்டில் சில வாரங்களே ஓடுபவை. அந்தச் சில வாரத்து நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு நெல் விளைவித்த நாடு இது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள மாமண்டூர் ஏரி பல்லவர் காலத்தது. ஏரியை வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை, காப்பதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. வண்டல் படியும், அதை அள்ள வேண்டும். கரையில் எலியும் நண்டும் வளை தோண்டும், அதை அடைக்க வேண்டும். கலிங்குக் கல் சரியும். ஒரே ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்தால் அந்த ஏரியின் நீரோடு கீழே உள்ள அடுத்த ஏரியின் கரையும் போகும். ஏனெனில் இவை சங்கிலியாகக் கோக்கப்பட்டவை.

இந்தப் பராமரிப்புக்கென்றே ஒரு வழிமுறை இருந்தது. களத்தில் நெற்குவியலை அரசுக்கும் குடிக்கும் பங்கிடுவதற்கு முன்பே மேரை என்ற பெயரில் சில பங்குகளை எடுத்து வைப்பார்கள். கொல்லருக்கும் தச்சருக்கும் நீர்க்கட்டிக்கும் கோயிலுக்கும் போவது போலவே ஏரிக்கும் ஒரு பங்கு போகும். செங்கற்பட்டுச் சீமையை நவாப் 1763-இல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அங்கே 1767-இல் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் தொடங்கிய நில அளவை இந்தப் பங்குகளை ஊர் ஊராகப் பதிவு செய்திருக்கிறது. திருவண்ணாமலையில் பீரங்கிகள் முழங்கிய அதே ஆண்டில், சற்றுத் தொலைவில் ஒருவர் ஏரிகளை எண்ணத் தொடங்கியிருந்தார்!

பர்னார்டின் வரைபடம் பின்னர் இலண்டன் வரை போயிற்று. 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்களைப் பற்றி நெடிய உரை ஆற்றினார். அந்த வரைபடத்திலிருந்து தாமே எண்ணிப் பார்த்ததாகவும், ஜாகீரில் மட்டும் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட ஏரிகள் இருப்பதாகவும் அவர் சொன்னார். கர்நாடகம், தஞ்சை இரண்டையும் சேர்த்தால் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்பது அவருடைய மதிப்பீடு. தங்கள் வாழ்நாளுக்கு அப்பாலும் குடிகள் வாழவேண்டும் என்று எண்ணிய அரசர்களின் நினைவுச்சின்னங்களாக அவற்றை அவர் கண்டார். அவர் எதிர்த்தது ஓர் ஆணையை. நவாபின் தனியார் கடன்களை முறையான விசாரணையின்றி ஏற்று, ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் வீதம் கர்நாடக வருவாயிலிருந்து அடைக்கவேண்டும் என்ற ஆணை அது. பர்க் தோற்றார், ஆணை நிலைத்தது.

12 இலட்சம் வராகன் என்றால் எவ்வளவு? ஒரு வராகன் பின்னாளில் மூன்றரை ரூபாயாக மதிக்கப்பட்டது. அப்படியானால் ஆண்டுக்கு 42 இலட்சம் ரூபாய். பர்க் சொன்ன பத்தாயிரம் ஏரிகளுக்கு அதைப் பிரித்தால் ஏரி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 120 வராகன் வரும். அக்காலத்தில் ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் சுமார் 2 வராகன். ஆக, ஐந்து சிப்பாய்களின் ஆண்டுச் சம்பளம் ஒவ்வோர் ஏரிக்கும் கிடைத்திருக்கும். மண் சுமக்கும் கூலியாளின் ஊதியம் சிப்பாயினுடையதைவிட மிகக் குறைவு என்பதால், அந்தத் தொகையில் கோடைதோறும் ஒரு பெரிய கூட்டமே கரையில் வேலை செய்திருக்கலாம். இது தோராயக் கணக்குத்தான். எல்லா ஏரிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு தேவைப்பட்டிருக்காது. அதில் பாதியைச் செலவிட்டிருந்தாலே நாடு வேறாக இருந்திருக்கும்.

கணக்கு இத்தோடு நிற்கவில்லை. 1787 உடன்படிக்கையின்படி அமைதிக் காலத்திலேயே படைச்செலவுக்கு ஆண்டுக்கு 9 இலட்சம் வராகனை நவாப் தனியாகத் தரவேண்டும். போர் மூண்டால் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு கம்பெனிக்கு.

போர் அவர்மேல் திணிக்கப்பட்டது, செலவழிக்காமல் என்ன செய்திருப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1749 முதல் 1763 வரை அது பொருந்தும். தந்தையைக் கொன்றவர்கள் கோட்டையைச் சூழ்ந்து நிற்கையில் எவரும் ஏரியைப் பற்றி எண்ணமாட்டார். ஆனால் 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்சும் அவரை நவாபாக ஏற்றுக்கொண்டது. வாரிசுப் போட்டி முடிந்துவிட்டது. அதன் பின்னர் 1771-இலும் 1773-இலும் கம்பெனிப் படையை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் மீது அவர் போனாரே, அது எவருடைய திணிப்பு? 1773-இல் தஞ்சை விழுந்தது. 1776-இல் இயக்குநர்களின் ஆணைப்படி அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பிடித்த நாடு கையில் நிற்கவில்லை, அதற்காகப் பட்ட கடன் மட்டும் நின்றது. என் பார்வையில் அவருடைய பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நம் சமுதாயத்தில் வாலாஜாவின் பெயர் மரியாதையோடு சொல்லப்படுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஹரமைனுக்கு அவர் பொருள் அனுப்பினார். லக்னோவின் ஃபரங்கி மஹல் மரபைச் சேர்ந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்களைச் சென்னைக்கு அழைத்து ஆதரித்தார். திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் இன்றும் தொழுகையாளர்களால் நிறைகிறது. இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் கொடை வேறு, ஆட்சிக் கடமை வேறு. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) இதைத் தெளிவாகவே வைக்கிறார். பேராறுகளின் கரைகளையும் மதகுகளையும் பழுதுபார்க்கும் செலவு முழுவதும் பைத்துல் மாலின் பொறுப்பு என்பது அவர் கருத்து. குடிகளிடம் கராஜ் வாங்குபவர் நீரைக் காக்கக் கடமைப்பட்டவர். ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி எகிப்தில் நைலையும் செங்கடலையும் இணைக்கும் கால்வாய் சீர்செய்யப்பட்டது. ரோமப் பேரரசோடு போர் ஓயாத காலம் அது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1780 ஜூலையில் ஹைதர் அலீயின் பெரும்படை செங்கம் கணவாய் வழியே இறங்கியது. சென்னையையும் வேலூரையும் சுற்றியிருந்த கிராமங்கள், ஆங்கிலப் படைக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காகத் திட்டமிட்டு எரிக்கப்பட்டன. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வீரர் என்று ஹைதரைப் போற்றுகிறோம். அது உண்மை. கொளுத்தப்பட்ட வைக்கோற்போரும் ஓடிப்போன குடிகளும் உண்மையே. கரையைப் பார்க்க ஆளில்லாத ஊர்களில் பஞ்சம் புகுந்தது. 1781 முதல் சென்னைச் சீமை பட்டினியால் வாடியது.

அவருடைய மகன் திப்பு சுல்தானுக்கு நீரின் அருமை தெரிந்திருந்தது. இன்று கிருஷ்ணராஜ சாகர் அணை இருக்கும் இடத்தில் காவிரிக்குக் குறுக்கே அணை கட்ட அவர் அடிக்கல் நாட்டியதைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. புதிதாகப் பயிர் செய்வோருக்கு வரிச்சலுகையும் அதில் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால் 1792 உடன்படிக்கையில் அவர்மேல் சுமத்தப்பட்ட போர் ஈட்டுத்தொகை 3 கோடியே 30 இலட்சம் ரூபாய். பாதி நாடும் போயிற்று, இரு பிள்ளைகளும் பிணையாகப் போனார்கள். 1799 மே 4-ஆம் நாள் அவரும் வீழ்ந்தார். அவர் கட்ட நினைத்த அணை எழவேயில்லை. அந்த இடத்தில் அணை எழ இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

ஆர்க்காட்டில் என்ன ஆயிற்று? முஹம்மது அலீ 1795-இல் மறைந்தார். மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் காலமானார். அதே மாதம் 31-ஆம் நாள் அழீமுத்தவ்லா ஒப்பமிட்ட உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. நவாபுக்கு நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு ஓய்வூதியம் போல மிஞ்சியது. கடன்காரர்கள் மட்டும் ஓயவில்லை. அவர்களின் கோரிக்கைகளை ஆராய 1805-இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. கால் நூற்றாண்டு அது உட்கார்ந்து சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தது. அவற்றில் பெரும்பகுதி செல்லாதவை என்று தள்ளப்பட்டன. 1785-இல் பர்க் கேட்ட விசாரணை இதுதான்.

செல்லும் என்று ஏற்கப்பட்டவை கர்நாடக வருவாயிலிருந்து, அதாவது அந்த ஏரிகளின் கீழ் விளைந்த நெல்லிலிருந்து அடைக்கப்பட்டன. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்ததும், மீதமிருந்த கடன்களுக்காகச் சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்தது சென்னை அரசாங்கம்.