இறங்கிவந்த சிறுமூளையும் இரண்டு எலும்புகளும்

பிராக் நகரில் டைபாய்டு கண்டு இறந்த 17 வயதுப் பெண்ணின் உடலைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார் நோயியல் பேராசிரியர் ஹான்ஸ் கியாரி. காய்ச்சலுக்குத் தொடர்பே இல்லாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. சிறுமூளையின் அடிநுனி, மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கியிருந்தது. உயிரோடிருந்தவரை அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு தொந்தரவும் தெரிந்ததில்லை. 1891இல் கியாரி இதை எழுதி வெளியிட்டார். ஆனால் எல்லோரையும் அது அப்படிச் சும்மா விட்டுவைக்கவில்லை.

சிலருக்கு இருமினாலே பிடரி தெறித்தது, கைகள் மரத்தன, நடை தள்ளாடியது, தண்டுவடத்துக்குள் நீர் கோத்தது. நெதர்லாந்தின் வான் ஹவுவெனிங்கெ கிராஃப்ட்டைக் என்ற மருத்துவர் கத்தியெடுக்கத் துணிந்தார். அவருடைய நோயாளிகள் இறந்தார்கள். மான்ட்ரியலில் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டு அறுவை செய்த பெண்ணும் பிழைக்கவில்லை. 1938இல் டப்ளினிலிருந்து மெக்கானலும் பார்க்கரும் நல்ல செய்தி சொன்னார்கள்: பிடரி எலும்பைக் கொஞ்சம் வெட்டி இடம்விட்டதில் சிலர் தேறினார்கள். வழி கிடைத்துவிட்டதென்றே தோன்றியது. ஆனால் வேறு சிலருக்கு, அதே அறுவைக்குப் பிறகு நிலைமை மோசமானது!

துப்பு எக்ஸ்-ரே படத்தில் இருந்தது. 1939இல் அமெரிக்கக் கதிரியல் நிபுணர் சேம்பர்லின், மேலண்ணத்திலிருந்து அடித்துளையின் பின்விளிம்புவரை ஒரு கோடு கிழித்துக் காட்டினார். இரண்டாம் கழுத்தெலும்பின் பல் போன்ற முனை அந்தக் கோட்டை வெகுவாகத் தாண்டி மேலேறியிருந்தால், அது மூளைத்தண்டை முன்னாலிருந்து குத்தக்கூடும். அப்படிப்பட்டவருக்குப் பின்னால் எவ்வளவு எலும்பை வெட்டினாலும் முன்னால் உள்ள முனை அசையப்போவதில்லை. அங்கே போவது எப்படி?

வாய் வழியாக! 1917இலேயே சிகாகோவின் கானவெல், மண்டையடியில் சிக்கிய துப்பாக்கிக் குண்டொன்றை அந்த வழியில் எடுத்திருந்தார். அயோவாவின் அர்னால்ட் மெனேசஸ் 1970களின் பிற்பகுதியில் சிகிச்சையை முறைப்படுத்தினார்: எலும்பை இழுத்துச் சரிசெய்ய முடிந்தால் அப்படியே பிணைப்பது, முடியாவிட்டால், அழுத்தும் பக்கத்திலிருந்தே அழுத்தத்தை எடுப்பது. ஆனால் முனையை எடுத்ததும் கழுத்து பெரும்பாலும் ஆட்டம் கண்டது. பின்புறம் மறுபடி திறந்து, கம்பி சுற்றி எலும்புத்துண்டு ஒட்டவைத்தார்கள். அது கூடும்வரை தலையை அசையாமல் கட்டிவைக்க வேண்டும். அப்படியும் சிலருக்குக் கூடவில்லை.

1988இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் அதுல் கோயல் எவரும் நெருங்கத் தயங்கிய இடத்துக்குப் போனார். முதல் இரண்டு கழுத்தெலும்புகள் சேரும் மூட்டு அது. சுற்றிலும் ரத்தம் பீறிடும் சிரைப் பின்னல். பக்கத்திலேயே மூளைக்குப் போகும் தமனி. குறுக்கே கிடந்த இரண்டாம் கழுத்து நரம்பை வெட்டி மூட்டைத் திறந்தார். பிடரியில் கொஞ்சம் உணர்ச்சி போகும். அந்த விலைக்கு உறுதியான பிடிப்பு கிடைத்தது. பக்கத்துக்கு ஒரு பிளேட், ஒவ்வொரு பிளேட்டிலும் எலும்புக்கு ஒரு ஸ்க்ரூ. 1994இல் லாஹேரியுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். 2001இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ், பிளேட்டுக்குப் பதில் கம்பித்தண்டு வைத்து இதையே எளிதாக்க, கோயல்–ஹார்ம்ஸ் முறை உலகமெங்கும் பரவியது. கோயல் அதோடு நிற்கவில்லை.

2004இல் அவர் காட்டியது இன்னும் பெரியது. மூட்டை அகட்டி இடையில் உலோகத் துண்டு செருகினால், மேலேறிய முனை கீழே இறங்கியது. வாயைத் திறக்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமல் போனது. 2015இல் 65 நோயாளிகளின் அனுபவத்தை வைத்து, கியாரி கண்ட அந்தக் கோளாறுக்கே மூட்டின் ஆட்டம்தான் காரணமாக இருக்குமோ என்று கேட்டார். பலர் அதை ஏற்கவில்லை. எலும்பு சரியாக இருப்பவர்களுக்குப் பிடரி எலும்பை வெட்டி இடம்விடுவதே இன்றும் வழக்கம். ஆனாலும் அந்த நான்கு ஸ்க்ரூக்கள் ஒரு பழக்கத்தை வலுப்படுத்தின. எலும்புக் கோளாறும் சேர்ந்திருக்கும் நோயாளிக்குக் கத்தி வைக்குமுன், கழுத்தைக் குனியவும் நிமிரவும் வைத்துப் படமெடுத்து மூட்டு ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள். இறங்கிவந்த மூளையோடு, அதைத் தாங்கும் எலும்புகளையும் விசாரித்த பிறகே சிகிச்சை முடிவாகிறது.