அமெரிக்க இடைநிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களும் ஆசிரியர் பயிற்சியும்: ஒரு வரலாற்றுப் பார்வை (1968–2016)

ஆய்வுச்சுருக்கம்

வீட்டில் வேறு மொழி பேசி, பள்ளியில் ஆங்கிலத்தின் வழியே பாடம் கற்க நேரும் மாணவர்களுக்குத் துணைநிற்குமாறு ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தும் கடமை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மாணவரின் உரிமை முன்னரே ஏற்கப்பட்டபோதும், இடைநிலைப் பள்ளியில் கணிதம், அறிவியல் முதலியவற்றைக் கற்பிக்கும் பாட ஆசிரியரின் பயிற்சி நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆங்கிலம் கற்போர், பாட ஆசிரியர், லாவ் வழக்கு, காஸ்டனேடா வழக்கு, புளோரிடா இசைவுத் தீர்ப்பாணை.

முன்னுரை

2018ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் ஏறத்தாழ 50 இலட்சம் மாணவர்கள் ஆங்கிலம் கற்போராக வகைப்படுத்தப்பட்டிருந்தனர். இது மொத்த மாணவர் தொகையில் சுமார் 10 விழுக்காடாகும். இவர்களுள் இடைநிலைப் பள்ளிப் பருவத்தில் நாட்டிற்குள் வருவோரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. அன்றாட உரையாடல் மொழியும் பாடநூல் மொழியும் வேறுவேறு திறன்கள் என்பதை ஜிம் கம்மின்ஸ் 1979இல் எடுத்துரைத்தார். முன்னது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவரலாம். பின்னதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தேவைப்படும் என்பதை அவருடைய தொடர் ஆய்வுகள் காட்டின. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவருக்கோ பள்ளிப்படிப்பு முடிய நான்கு ஆண்டுகளே உள்ளன. எனவே, முதலில் ஆங்கிலம், பின்னர் பாடம் என்னும் வரிசை அவருக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியரே அவருக்குத் தேவை.

உரிமையின் தோற்றம்

1968 சனவரியில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட இருமொழிக் கல்விச் சட்டம் இவ்வரலாற்றின் தொடக்கமாகும். இச்சட்டம் மாவட்டப் பள்ளி நிருவாகங்களுக்கு நிதி வழங்கியது. ஆசிரியர் பயிற்சிக்கும் அதில் இடமிருந்தது. ஆயினும், விரும்பி விண்ணப்பித்த மாவட்டங்களுக்கே நிதி கிடைத்தது. எவரையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

கட்டாயம் 1974இல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கின் தீர்ப்பால் வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் பேசாத 2,856 சீன வம்சாவளி மாணவர்களுள் ஏறத்தாழ 1,800 பேர் எவ்விதத் துணைப்பயிற்சியும் பெறவில்லை என்பது வழக்கின் அடிப்படை. ஒரே பாடநூலையும் ஒரே ஆசிரியரையும் அனைவருக்கும் அளிப்பதால் மட்டும் சமத்துவம் நிலைநாட்டப்படுவதில்லை என உச்ச நீதிமன்றம் கருதியது. எனினும், எவ்வகைத் தீர்வு வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் எத்தகைய பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற வினாவும் எழுப்பப்படவில்லை.

1975இல் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகத் தனியே கற்பிப்பது மட்டும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போதாது என்றன. உயர்நிலை மாணவர்களுக்கு அதனை ஏற்கத்தக்க வழியாகக் கொண்டன. இவ்வேறுபாடு குறிப்பிடத்தக்கது. மொழிவகுப்பு முடிந்து அறிவியல் வகுப்பிற்குச் செல்லும் மாணவர் அங்கு என்ன செய்வார் என்பதற்கு இவ்வழிகாட்டுதல்கள் போதிய விடை தரவில்லை.

ஆசிரியர் தகுதி நீதிமன்றத்தின் முன்

ஆசிரியரின் ஆயத்தத்தை நேரடியாக விவாதித்தது 1981ஆம் ஆண்டின் காஸ்டனேடா எதிர் பிக்கார்டு வழக்காகும். டெக்சாசின் ரேமண்ட்வில் பள்ளி மாவட்டத்தைப் பற்றிய இவ்வழக்கில், ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை வகுத்தது: திட்டம் ஏற்கத்தக்க கல்விக் கோட்பாட்டைச் சார்ந்திருக்க வேண்டும், அதனைச் செயற்படுத்தத் தேவையான பணியாளரும் வளமும் இருக்க வேண்டும், உரிய காலத்திற்குப்பின் பயன் விளைந்திருக்க வேண்டும். இரண்டாம் அளவுகோலே ஆசிரியர் பயிற்சியைச் சட்டக் கடமையாக்கியது. 700 ஸ்பானியச் சொற்களைக் கற்பிக்கும் 100 மணிநேரப் பயிற்சியைக் கொண்டு இருமொழி ஆசிரியரை உருவாக்கிவிட முடியுமா என நீதிமன்றம் ஐயுற்றது. திட்டத்தின் தரம் அதனைக் கற்பிப்பவரின் தரத்தை விஞ்சாது என்ற புரிதல் இங்கு வெளிப்படுகிறது.

புளோரிடா: மணிநேரக் கணக்கு

மாநிலம் தழுவிய பயிற்சிக் கடமை 1990 ஆகஸ்டில் புளோரிடாவில் ஏற்பட்ட இசைவுத் தீர்ப்பாணையால் வந்தது. குடிமை அமைப்புகள் மாநிலக் கல்வி வாரியத்தின்மீது தொடுத்த வழக்கின் உடன்பாடாகிய இது, ஆசிரியர்களை மூன்றாகப் பிரித்தது. ஆங்கில மொழிப்பாட ஆசிரியருக்கு 300 மணிநேரம். கணிதம், அறிவியல், சமூக அறிவியல், கணினிக் கல்வி ஆசிரியருக்கு 60 மணிநேரம். ஏனையோருக்கு 18 மணிநேரம். கற்பித்தல் முறை, பாடத்திட்டமும் கருவிகளும், பண்பாட்டிடைத் தொடர்பு, பயன்பாட்டு மொழியியல், மதிப்பீடு ஆகிய ஐந்து துறைகள் மொழியாசிரியர் பயிற்சியில் அடங்கின. 2003இல் செய்யப்பட்ட திருத்தம் நிருவாகிகளையும் ஆற்றுப்படுத்துநர்களையும் 60 மணிநேரப் பயிற்சிக்கு உட்படுத்தியது.

அனைத்து ஆசிரியரையும் பொறுப்பிற்கு உட்படுத்தியது இவ்வாணையின் பெருஞ்சிறப்பாகும். எனினும், அறிவியல் ஆசிரியருக்கு மொழியாசிரியரின் ஐந்தில் ஒரு பங்கு பயிற்சியே விதிக்கப்பட்டது. மொழியாசிரியரே ஆங்கிலத்தை முதன்மையாகக் கற்பிப்பவர் என்பதால் இது நியாயம் எனலாம். ஆனால், இயற்பியலில் 'வேலை', 'விசை' என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பேச்சுவழக்கில் வேறு பொருள் தருவன. இவ்வேறுபாட்டை விளக்கும் வாய்ப்பு இயற்பியல் ஆசிரியருக்கே உரியது. மொழி பிறர் பணி என்ற பழைய எண்ணம் இம்மணிநேரப் பகிர்வில் தொடர்ந்ததெனக் கொள்ள இடமுண்டு.

பாட ஆசிரியரை நோக்கி

1985இல் நியூயார்க்கின் லாகார்டியா சமுதாயக் கல்லூரி வளாகத்தில் தொடங்கப்பெற்ற இன்டர்நேஷனல் உயர்நிலைப் பள்ளி மாற்றுவழி ஒன்றைக் காட்டியது. அங்குப் பாட ஆசிரியர்கள் குழுவாகத் திட்டமிட்டனர். ஒவ்வொருவரும் மொழியாசிரியராகவும் செயற்பட்டனர். 1990களில் எச்செவரியா, வோக்ட், ஷார்ட் ஆகியோர் உருவாக்கிய சியாப் மாதிரி, ஒவ்வொரு பாடத்திற்கும் பாட நோக்கத்துடன் மொழி நோக்கத்தையும் வகுக்குமாறு கோரியது. எட்டுக் கூறுகளையும் 30 இயல்புகளையும் கொண்ட அம்மாதிரி பயிற்சிக் கருவியாகப் பரவியது.

மாசசூசெட்சில் 2002ஆம் ஆண்டு வாக்கெடுப்பு, இருமொழிக் கல்விக்கு மாற்றாக ஆங்கிலவழிக் கற்பித்தலை முதன்மைப்படுத்தியது. இதனால் மாணவர்களின் சுமை பொது வகுப்பு ஆசிரியர்மீது விழுந்தது. அவர்களுக்கு உரிய பயிற்சி மட்டும் கட்டாயமாக்கப்படவில்லை. 2011இல் நடுவண் நீதித்துறை இதனைச் சட்டமீறல் எனச் சுட்டியது. அதன்பின் 2012இல் தொடங்கிய ரீடெல் திட்டம், இம்மாணவரைக் கற்பிக்கும் முதன்மைப் பாட ஆசிரியர் அனைவரும் ஒரே தகுதிச் சான்றினைப் பெற வேண்டும் என விதித்தது. 2016 ஜூலை முதல் இது நடைமுறைக்கு வந்தது. மொழியாசிரியர், பாட ஆசிரியர் என்ற ஏற்றத்தாழ்வு இச்சான்றில் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, மாநிலம் தழுவிய பயிற்சிக் கடமை புளோரிடாவிலும் மாசசூசெட்சிலும் வழக்கு, சட்ட நெருக்கடி ஆகியவற்றாலேயே முழுமை பெற்றது. இரண்டு, உரிமை ஏற்கப்பட்ட 1974இற்கும் பாட ஆசிரியர் அனைவருக்கும் ஒரே தகுதி விதித்த 2012இற்கும் இடையே 38 ஆண்டுகள் உள்ளன. அக்காலத்து மாணவர் பலர் ஆயத்தமற்ற ஆசிரியரிடமே பயின்றிருக்க வேண்டும். மூன்று, மணிநேரமும் சான்றிதழும் எண்ணத்தக்கவை. வகுப்பறை மாற்றம் அவ்வாறு எண்ணத்தக்கதன்று. காஸ்டனேடா வழக்கின் மூன்றாம் அளவுகோலாகிய பயன் விளைந்ததா என்னும் வினாவை ஆசிரியர் பயிற்சியின்மீதும் தொடுப்பதே இத்துறை ஆய்வின் அடுத்த கட்டமாக அமைதல் வேண்டும்.