ஈரம் உலரும் வரை



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டம் எளிதில் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கித் தவித்தனர். உடுத்திய துணியோடு முகாமுக்குச் சென்றவர்கள் நம் சபையிலும் உண்டு.

தண்ணீர் வடிந்து முகாம்கள் கலைந்ததும் நான் ஒரு ஸ்தோத்திர ஆராதனையை அறிவித்தேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, உப்பளத்தில் வேலை செய்யும் தாயார் ஒருவர் என் அருகே வந்தார். "ஐயா, எல்லாரும் வீடு திரும்பிட்டோம்னு ஜெபத்துல சொன்னீங்க. நான் இன்னும் திரும்பலையே" என்றார். அவர் தம் வீட்டில்தான் இருந்தார். ஆனால் சுவரில் ஈரம் இறங்கவில்லை. பிள்ளைகளின் சான்றிதழ்கள் சேற்றில் ஊறிப்போயிருந்தன. ஓலை வேய்ந்து அம்பாரமாகக் காத்த உப்பு கரைந்துவிட்டது. வெள்ளம் நின்ற பாத்திகளைச் சீர்ப்படுத்தி, மிதித்து இறுக்கிய பின்னரே உப்பு விளையும், கூலியும் அப்போதுதான். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்பதை அன்று உணர்ந்தேன்.

அவருடைய சொல், இதே மன்னார் வளைகுடாக் கரையில் நிகழ்ந்த பழைய துயரம் ஒன்றை எனக்கு நினைவூட்டியது. 1964 டிசம்பர் 22 இரவு, இலங்கையைக் கடந்து வந்த பெரும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, தேவாலயம் என எல்லாம் அமைந்த துறைமுக ஊர் அது. சென்னையிலிருந்து வந்த பயணிகள் அங்கிருந்தே கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். அன்றிரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் ஊரைச் சேரவில்லை. கடல் அதை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1914ஆம் ஆண்டு முதல் ரயில் ஓடிய பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி இடிந்து கடலில் வீழ்ந்தது.

பாலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. மாதக்கணக்கில் ஆகும் என்று கருதப்பட்ட பணி 46 நாட்களில் முடிந்தது. மீண்டும் ரயில் ஓடிற்று. கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. வெளியுலகின் கண்களுக்கு இயல்பு வாழ்க்கை திரும்பிவிட்டது.

தனுஷ்கோடி மக்களுக்கோ அது திரும்பவேயில்லை. அவ்வூர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. உயிர் தப்பியவர்களில் பலர் இராமேசுவரம் தீவின் பிற பகுதிகளில் குடியேறினர். ஆயினும் சில மீனவக் குடும்பங்கள் அந்த மணலை விட்டுப் பிரிய மனமின்றி, இன்றும் அங்கே ஓலைக் குடில்களில் வாழ்கின்றன. மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின்பு, நாம் சுற்றுலா சென்று இடிந்த தேவாலயத்தின் முன் நின்று புகைப்படம் எடுக்கிறோம். அந்தச் சுவர்களுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்களும் திருமணம் செய்தவர்களும் எங்கே போனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? பாலத்துக்கு நாள் கணக்கு உண்டு. மனிதர் திரும்பியதற்குக் கணக்கு வைத்தவர் யார்?

ஆதியாகமத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. பலர் அதைக் கவனியாமல் கடந்துவிடுகிறோம். முதலாம் மாதம் முதல் நாளில் நோவா பேழையின் மேல்மூடியை நீக்கிப் பார்த்தபோது தரையின் மேற்பரப்பு உலர்ந்திருந்தது. எனினும் அவர் இறங்கவில்லை. இரண்டாம் மாதம் இருபத்தேழாம் நாளில்தான் பூமி முற்றும் காய்ந்தது. மேலே உலர்ந்ததற்கும் முழுவதும் உலர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ எட்டு வாரங்கள்! தேவன் நோவாவை அவசரப்படுத்தவில்லை. அதன் பின்னரே பலிபீடமும் திராட்சத்தோட்டமும் வருகின்றன.

பிரியமானவர்களே, மேற்பரப்பு உலர்ந்ததைக் கண்டு நான் நன்றி சொன்னேன். அடியில் இருந்த ஈரத்தை அந்தத் தாயார் காட்டினார். அதற்கடுத்த வாரம் நம் வாலிபர்கள் அவர் வீட்டுச் சேற்றை வாரினார்கள். ஒரு சகோதரர் சான்றிதழ் நகல்களுக்காக அவரோடு அலுவலகங்களுக்கு நடந்தார். பாத்திகள் மீண்டும் வெளுத்த ஒரு ஞாயிறன்று, அவர் ஒரு பொட்டலம் புது உப்பைக் காணிக்கைத் தட்டில் வைத்தார். எங்கள் ஸ்தோத்திர ஆராதனை உண்மையில் அன்றுதான் நிறைவேறியது.

இந்த ஆண்டும் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படலாம். நாம் முகாமுக்குச் சென்று திரும்பலாம். நம் கதவைத் திறந்து விளக்கேற்றியதும் ஒரு கேள்வியோடு பக்கத்து வீட்டுக்குப் போவோம்: "உங்க வீட்டுல ஈரம் காஞ்சிருச்சா?"

கர்த்தர் தாமே நம் இல்லங்களைக் காப்பாராக. ஆமென்.