அழகு நாய்களின் சோக வரலாறு

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காங்கேயம் காளை வாங்கப் போகும் விவசாயி முதலில் என்ன செய்வார்? பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். திமிலும் கொம்பும் அழகாக இருந்தால் விலை கூடும்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஏரும் வண்டியும் இழுக்காத காளையை அழகுக்காக மட்டும் யாரும் ஓட்டி வந்ததில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்த இனம் இது. கொறங்காட்டின் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைத் தின்றே உழைத்த மாடுகள்தான் அடுத்த தலைமுறைக்குத் தேர்வாயின. அங்கே வேலைதான் நீதிபதி.

கொங்கு நாட்டுத் தோட்டத்து நாய்க்கும் இதே சட்டம்தான். ராத்திரியில் சாளைப் பக்கம் புது ஆள் காலடிச் சத்தம் கேட்டால் குரைக்க வேண்டும். ஆட்டுப்பட்டியைக் காக்க வேண்டும். மூக்கு சப்பையா, நிறம் என்ன என்று யார் கேட்டார்கள்?

நாய்களுக்கு நீதிபதி மாறியது இங்கிலாந்தில்தான். புல்டாக் என்பது காளையோடு மோத விட்டு வேடிக்கை பார்க்கப் பயன்பட்ட நாய். 1835-ல் அந்தக் கொடூர விளையாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் நாய்க்கு வேலை போய்விட்டது. 1859-ல் நியூகாசில் நகரில் நாய்கள் கண்காட்சி நடந்தது. 1873-ல் கென்னல் கிளப் தொடங்கியது. ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். தலை பெரிதாக இருந்தால் பரிசு என்றால் அடுத்த ஆண்டு இன்னும் பெரிய தலை வரும்! பதிவேட்டில் உள்ள நாய்களுக்குள்ளேயே இணை சேர்த்ததால் குறைகளும் பரம்பரைச் சொத்தாக இறங்கின. விளைவு என்ன? பிரிட்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, புல்டாக் ஈற்றுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு சிறிது. அவ்வளவுதான் காரணம்.

பக் நாயின் கதையும் இதுதான். ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-ல் தன்னையும் தன் பக் நாயையும் சேர்த்து வரைந்த படம் இன்றும் இருக்கிறது. அந்த நாய்க்கு முகவாய் நீண்டிருக்கிறது. இன்றைய பக் நாயின் முகமோ சுவரில் மோதியது போலத் தட்டை. எலும்பு சுருங்கியதே தவிர, உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. அதனால் மூச்சுப் பாதை அடைபடுகிறது. நாய்க்கு மனிதனைப் போல உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூச்சே சிரமம் என்றால் நம் சித்திரை வெயிலில் அதன் கதி என்ன?

2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடி வந்த பக் நாயை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு இந்தியா முழுக்க பக் குட்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. அது விடும் குறட்டையைக்கூட "க்யூட்" என்றார்கள். உண்மையில் அது மூச்சுத் திணறலின் சத்தம்.

சரி, நம் நாட்டு நாய்களை வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேயும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2005-ல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்வோம். வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போன இனம். ஆனால் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் ராஜபாளையம் என்று சந்தை முடிவு செய்துவிட்டது. வெள்ளைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் காது செயலிழக்கும். ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இதனால்தான். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன் நாய்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் டால்மேஷனுக்குச் செவிடு வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் கண்காட்சியில் அந்தத் திட்டு ஒரு குறை! காலடிச் சத்தம் கேட்க வேண்டிய காவல் நாயை நிறத்துக்காகச் செவிடாக்குவது என்ன நியாயம்?

வளர்ப்பவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற இனங்கள் இன்றும் இருப்பதே அவர்களில் பலரின் அக்கறையால்தான். எது விலை போகிறதோ அதுதான் உற்பத்தியாகும். இது வணிகத்தின் முதல் பாடம்.

சட்டமும் மெல்ல விழித்துக்கொண்டது. 2008-ல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படத்துக்குப் பிறகு பிரிட்டனின் கென்னல் கிளப் தன் விதிகளைத் திருத்தியது. 2023-ல் நார்வே உச்ச நீதிமன்றம் கவாலியர் ஸ்பேனியல் இனத்தைப் பெருக்குவது அந்நாட்டில் சட்டவிரோதம் என்றது. இந்தியாவில் 2017-ல் வந்த விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 2024-ல் தமிழக அரசு நம் வெயிலுக்கு ஒவ்வாத சில வெளிநாட்டு இனங்களைப் பெருக்கத் தடை விதித்து ஒரு கொள்கை வெளியிட்டது. பக்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

வழக்கு எப்படிப் போனாலும், கடைசியில் முடிவெடுப்பது குட்டி வாங்கப் போகிறவர்தான். மாட்டுச் சந்தையில் நம் தாத்தாக்கள் செய்ததை இங்கேயும் செய்யலாமே. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். ஈற்று இயல்பாக நடந்ததா என்று கேளுங்கள். குட்டியைக் கொஞ்சம் ஓட விட்டு மூச்சைக் கவனியுங்கள். அதற்குப் பின்னால் நின்று ஒரு முறை கை தட்டுங்கள், திரும்பிப் பார்க்கிறதா?

கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று எந்த நாயும் கேட்கவில்லை. கேட்டது நாம். மூச்சு முட்டுவது மட்டும் அதற்கு!