நடுநிசி மணி

வாரத்தின் நடுவில் ஓய்வெடுத்துக்கொள்ள ஒருவன் பணக்காரனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தாளனாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ஜாதி. ஞாயிற்றுக்கிழமையில் கிராமத்துக்குப் போனால் நமக்கு முன்னாலேயே பட்டணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் கல்லூரி நண்பர், "புதன், வியாழன் இரண்டு நாள் வந்து தோப்பிலே படுத்துக் கிடங்களேன்" என்று அழைத்ததும் செவ்வாய்க்கிழமையே புறப்பட்டுவிட்டேன்.

ரயில் தாமதம். தஞ்சாவூரில் இறங்கும்போது இரவு பதினொன்றரை மணி. இனி மேலே பிரயாணம் செய்ய வழியில்லை. ஒரு விடுதிக்குள் நுழைந்தேன். அங்கே எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாளும் நிறைமாத கர்ப்பிணியான அவள் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள். கையில் அடையாள அட்டை இல்லை. ஆண் துணையும் இல்லை. "அட்டை இல்லாம ரூம் கொடுக்க முடியாதும்மா" என்றார் மேஜையில் இருந்தவர். அவரைக் குறை சொல்ல நான் யார்? என் அட்டையை நீட்டினேன், சாவி கிடைத்தது. மாடிப்படி ஏறும்போது அந்தப் பெண் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஏறினேன். ஓய்வுக்காகப் புறப்பட்டவனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை பேருந்தில் ஏறினேன். ஒரத்தநாடு, தஞ்சைக்குத் தெற்கே பட்டுக்கோட்டைச் சாலையில் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. வழியெல்லாம் பச்சைப் பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சி. இந்தப் பச்சைக்கு வயது அதிகமில்லை. 1934-இல் மேட்டூர் அணை திறந்த பிறகு கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரி இந்தப் பக்கம் வந்தது. 'புது ஆறு' என்று ஜனங்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். பேர் இன்னும் பழசாகவில்லை! அதற்கு முன்னால் இது மானம் பார்த்த பூமி. வெயிலில் இந்த வழியே நடந்தவர்களுக்கு நிழலும் தண்ணீரும் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நண்பரின் தோப்பில் பகலெல்லாம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். தென்னைகள் எல்லாம் இளசு. கிழ மரங்களை 2018-இல் கஜா புயல் சாய்த்துவிட்டது. சாயங்காலம் நண்பர், "வாங்க, முத்தம்மாள் சத்திரத்தைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார்.

சரபோஜி மன்னர் (1798-1832) தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் பேரில் கட்டிய சத்திரம் அது. ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. அவள் பட்டத்து ராணி அல்ல. பிரசவத்தில் உயிர் போகும் தறுவாயில், என்னைப் போல எந்தப் பெண்ணும் வழியில் தவிக்கக் கூடாது என்று மன்னரிடம் வரம் கேட்டாளென்று ஜனங்கள் சொல்வதுண்டு. கதையாகவே இருக்கட்டும். கதை எதைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்பதும் சரித்திரந்தானே?

கதையல்லாத சான்றும் ஒன்று இருக்கிறது. 1799-இல் செய்த உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பெனியார் கைக்குப் போயிற்று. கோட்டையும் உபகாரச் சம்பளமும் சரபோஜிக்கு மிஞ்சின. அப்படிப்பட்ட மன்னர் 1801-இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேய ரெஸிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேசுவரம் போகும் பாதையிலுள்ள சத்திரங்களில் கைவைக்காதீர்கள், அவற்றின் நிர்வாகத்தை என்னிடமே விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். அங்கே என்னென்ன நடக்கிறது என்றும் விவரமாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நோயாளிக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர். அநாதைக் குழந்தைகள் வாத்தியார் பொறுப்பில். வழியில் வந்த கர்ப்பிணிக்கு அங்கே பிரசவமானால், மருந்தும் செலவும் சத்திரத்தைச் சேர்ந்தது. பிறகு மூன்று மாதம் சாப்பாடும் உண்டு. அன்னமிடுவது நள்ளிரவு வரை நடக்கும். அப்போது மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வாருங்கள் என்று கூவி அழைப்பார்கள்.

மன்னர் தம் தர்மத்தைத் தாமே வருணிக்கிறார். அதுவும் சத்திர மானியத்தைக் காப்பாற்ற எழுதிய கடிதத்தில். கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பிராமணரும் பறையரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம்; அந்தக் காலம் அப்படிப்பட்டதல்ல. சாஸ்திர விரோதம் பார்த்திருப்பார்கள், தனித்தனி இடம் வகுத்திருப்பார்கள். அதையெல்லாம் கழித்த பிறகும் அந்த மணி மிஞ்சுகிறது. பசித்தவன் வந்து கதவைத் தட்டட்டும் என்று இருந்துவிடாமல், யார் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார்களே! அந்த நேரத்தில் அங்கே யாரும் அட்டை கேட்டதாக மன்னர் எழுதவில்லை.

சத்திரத்தின் வெளியே நின்று பார்த்தோம். குதிரைகளும் யானைகளும் இழுத்துப் போகும் தேரைப் போல ஒரு பக்கத்தை அமைத்திருக்கிறார்கள். மரத் தூண்களில் அழகான வேலைப்பாடு. பயணிகள் வருவது நின்ற பிற்பாடு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. இப்போது சுவரிடுக்குகளில் செடி முளைத்திருக்கிறது.

நண்பரிடம் முந்தின நாள் இரவு நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அறையிலே எத்தனை கட்டில்?" என்று கேட்டார்.

"இரண்டு" என்றேன்.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் ஆடு கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் போய், "ஐயா, இந்தச் சத்திரத்து மணி எங்கே இருக்குன்னு தெரியுமா?" என்று விசாரித்தேன்.

கிழவர் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த மணிங்க?" என்றார்.